முடிவைச் சொல்லாமல்

ஒட்டுசுட்டான் சந்தியில்
போட்டோக் கொப்பி ஒன்று பத்து ரூபா,
நாவல் இரவல் சும்மா.
மெசினுக்குப் பக்கத்து இறாக்கையில்
கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும்
வவுனியா பஸ்சில் பொதியாய் வந்த
பேய்கள், விண்கலங்கள், மூன்று டிராகன்.
எல்லாம் போன வருசமும் இந்த வருசமும் அச்சானவை.
பழசு வேண்டாம் எனக்கு.
பழசைச் சொல்ல இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வாசிக்காத புத்தகத்தை நான் கொடுப்பதில்லை.
கொடுக்கும்போது ஒரு துண்டு வைப்பேன்,
பிழையாய் விழுந்த கொப்பியின் பின்பக்கத்தில்:
"அறுபதாம் பக்கம்வரை பொறுங்கோ."
"ராணியை நம்பாதேங்கோ."
"இரவில் வேண்டாம்."
முடிவை மட்டும் எழுதமாட்டேன்.
அது சட்டம்.

செவ்வாய்க் கிரகத்தில் வெங்காயம் நடும் நாவலை
ஏழு பேருக்குச் சொன்னேன்.
ஏழு பேரும் ஒட்சிசனை நம்பினார்கள்,
வெங்காயத்தில் பிழை பிடித்தார்கள்.
பாத்தி அகலம் காணாதாம்.

"இரவில் வேண்டாம்" என்றதை
இரவில்தான் வாசித்தார் அமலதாசன்,
முத்தையன்கட்டு வாய்க்காலோரம்
நெல்லுக் காவல் கொட்டிலில்
நெற்றியில் கட்டிய லைற் வெளிச்சத்தில்.
கிணற்றுக்குள்ளிருந்து கை வெளியே வரும் இடத்தில்
வரம்போரம் ஏதோ முறிந்ததாம்.
யானை வெடிக்கு நெருப்புப்பெட்டி தேடி
புத்தகத்தில் ஏறி மிதித்துவிட்டார்.
சேற்றுக் காலடியோடு திரும்பி வந்தது
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம்.
"பேய் பரவாயில்லை பிள்ளை,
வெளிச்சத்துக்குப் பயப்பிடுது.
இதைவிடப் பெரிசு இருக்கோ?"
பேயையா கேட்டார், புத்தகத்தையா, தெரியவில்லை.
தடித்த ஒன்றைக் கொடுத்தேன்.

வதனரூபிக்கு டிராகன் மட்டும்.
கண்ணிவெடி அகற்றும் வேலை;
முழங்காலில் இருந்து ஒரு நாளுக்கு
ஒரு கதவளவு நிலம்.
இளவரசன் காட்டுக்குள் பாய்ந்தோடும் அத்தியாயத்தில்
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
"இந்தாள் கீழே பார்க்கவே இல்லை."
அடுத்த பக்கத்தில்: "இன்னும் பார்க்கேல்லை."
அதற்கடுத்ததில்: "செத்தான்."
அவன் சாகவில்லை.
மூன்று பாகமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.
அந்தப் பென்சிலுக்காகவே
இரண்டு பேர் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அருள்நேசம் அக்கா வந்தது
விண்ணப்பப் படிவம் கொப்பியடிக்க.
எத்தனையாவது தடவை என்று நான் எண்ணுவதில்லை.
மெசின் சூடாகும்வரை
இறாக்கையிலிருந்து ஒன்றை இழுத்தா.
நானூறு பேரோடு புறப்பட்ட கலம்
வியாழனைத் தாண்டித் தொடர்பு அறுந்துபோகும் கதை.
என் வாய் சும்மா இருக்காது:
"நல்ல புத்தகம் அக்கா,
நடுவில கொஞ்சம் கணக்கு வரும், தாண்டுங்கோ.
சமையல்காரன் வாற இடமெல்லாம் சிரிப்பு."
அட்டையைத் திருப்பிப் பார்த்தா.
"கடைசியில வருவினமோ?"

கண்ணாடிக்குக் கீழே பச்சை வெளிச்சம்
ஒருதரம் போய் வந்தது.
மூன்று தரம் வாசித்த புத்தகம்.
"நான் இன்னும் முடிக்கேல்லை" என்றேன்.

இரண்டு கிழமையில் கொண்டுவந்தா.
என் துண்டு முப்பத்தோராம் அத்தியாயத்தில் இருந்தது.
மொத்தம் முப்பத்திரண்டு.
"அந்தச் சமையல்காரன் நல்ல பெடியன்" என்றா.
"நானும் முடிக்கேல்லை.
இன்னும் வழியில இருக்கினம்."
பிறகு இறாக்கையைப் பார்த்தா.

இப்போது எனக்கு வேறு கரைச்சல்.
கடைசி அத்தியாயம் இல்லாமலும்
நிற்கக்கூடிய புத்தகம் தேடவேண்டியிருக்கிறது.
பேய்க்கதை சரிவராது,
கதவு கடைசியில்தான் திறக்கும்.
டிராகன் பரவாயில்லை,
நாலாம் பாகம் எப்படியும் வராது.

வெள்ளிக்கிழமை பஸ்சில் புதுப் பொதி என்றார்கள்.
காணவில்லை.
அமலதாசன் சைக்கிளை நிறுத்தாமலே கேட்டார்:
தடித்தது முடிந்ததாம்,
அறுவடைக்கு இன்னும் பதினெட்டு இரவு கிடக்காம்.