கூம்பைத் தூக்கும்போது

மூன்று அடுக்காக நிரப்ப வேண்டும்.
அடுக்குக்கு இருபத்தைந்து குத்து,
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
பிறகு கூம்பை நேராகத் தூக்க வேண்டும்,
ஐந்து விநாடிக்குள், கை நடுங்காமல்.
உள்ளே இருந்த கான்கிரீட்
எவ்வளவு அமர்ந்தது என்று அளக்க வேண்டும்.
அவ்வளவுதான் சோதனை.
ஐடிஇ-யில் இரண்டாம் மாதம் கற்றது.

என் முதல் அடுக்கு விழுந்ததும் அங்கேதான்.
பன்னிரண்டு வயதில் வந்த கடிதத்தில்
நார்மல் டெக்னிக்கல் என்றிருந்தது.
அம்மா அதை மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்தாள்.
"டெக்னிக்கல்னா நல்லதுதானே" என்றார் அப்பா.
நல்லதுதான், அப்பா.
சிமெண்டின் எடையை முதுகு முதலில் படித்துக்கொண்டது,
கணக்கு பின்னால் வந்து சேர்ந்தது.

இரண்டாம் அடுக்கு பாலிடெக்னிக்.
ஈசூனில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்து
கல்மேசையில் நள்ளிரவுவரை
உத்தரங்களின் வளைவு வரைபடம் போடுவேன்.
அழிப்பானால் தாளே கிழிந்துபோகும்.
தலைக்கு மேலே உண்மையான உத்தரம் ஒன்று
பதினொரு மாடியைச் சுமந்துகொண்டு
ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

மூன்றாவது இன்னும் நிரம்பவில்லை.
பகலில் தெங்கா, இரவில் கிளமெண்டி,
ஏழிலிருந்து பத்துவரை.
மண் இயக்கவியல் எனக்கு இரண்டாம் முறை.
பட்டம் வந்தாலும் தீராது:
நாலு வருட அனுபவம், இரண்டு தேர்வு,
ஒரு நேர்முகம்.
அதற்கப்புறம்தான்
வரைபடத்தில் குத்த ஒரு ரப்பர் முத்திரை.

இன்று காலை
மின்னல் சைரன் ஓய்ந்ததும் வந்தது லாரி.
நாலாம் மாடித் தளத்துக்கு ஒன்பது கன மீட்டர்.
சீட்டில் நூற்றிருபத்தைந்து.
ரஃபிக்குல் வங்காளத்தில் எண்ணிக் குத்தினான்.
தூக்கினான்.
கூழாகப் பரவி என் பூட்ஸ்வரை வந்தது.
இருநூறு.
இன்னொரு முறை.
இருநூற்றைந்து.

லாரியின் தண்ணீர்க் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
டிரைவர் அஸ்மான் என்னைப் பார்க்கவில்லை,
குழாயையும் பார்க்கவில்லை.
"ஒரே ஒரு லாரிதான், மிஸ் தில்லை,
மேலே பம்ப் காத்திருக்கு" என்றார் லிம்.
தினமும் எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கும் லிம்.
பொறியாளர் விடுப்பில்.
மூன்று முறை அழைத்தேன், மூன்று முறையும் மணி மட்டும்.

எப்படிக் கையெழுத்துப் போடுவது என்பதற்குத்தான்
இத்தனை வருடப் படிப்பு என்று நினைத்திருந்தேன்.
சீட்டில் 'நிராகரிப்பு' என்று எழுதி
அதன் கீழே போட்டேன்.
என் பெயரின் கடைசி எழுத்து
கோணலாகப் போய்விட்டது.
கூம்பைத் தூக்கும்போதுதானே நடுங்கக்கூடாது,
பேனாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

லாரி திரும்பிப் போனது.
அந்த மௌனத்தில் ரஃபிக்குல்
தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்:
"சரி மேடம். பக்ரா பாலத்திலும்
நான் ஒன்றைத் திருப்பினேன்."
நிமிர்ந்து பார்த்தேன்.
சிவில் டிப்ளோமா, நாலு வருடம், முதல் வகுப்பு.
சான்றிதழ் விடுதியில் இருக்கிறதாம்,
பிளாஸ்டிக் உறையில், மெத்தைக்கு அடியில்.
இரண்டு வருடமாக
என் பக்கத்தில் நின்று குத்துகிறான்.
நான் கேட்டதே இல்லை.
அவன் எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை என்பது மட்டும்
தெரிந்திருந்தது.

இரவு வகுப்பில் கடற்களிமண்.
நீர் வெளியேற வெளியேற மண் அமரும்,
சில இடங்களில் அதற்குப் பல வருடம் ஆகும்
என்று திரையில் வளைகோடு இறங்கிக்கொண்டிருந்தது.
பாதியில் கண் செருகியது.
மேசைக்கடியில் கைப்பேசி அதிர்ந்தது.
ரஃபிக்குல்.
மாலை வந்த லாரியின் படம்:
கம்பி, கூம்பு, அளவுகோல்,
நூற்று முப்பது.
கீழே ஒரு வரி:
"மேடம், உங்கள் இரவு வகுப்பில்
வேலை அனுமதி உள்ளவர்கள் சேரலாமா?"

தெரியவில்லை என்று தட்டினேன்.
அழித்தேன்.
நாளைக் காலை, எட்டு மணிக்கு முன்,
அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்கிறேன்
என்று எழுதினேன்.
கோடு திரையில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.