தன்மை ஒருமை

ஊரின் பெயர் கிராண்ட் ஐலண்ட்.
தீவுதான், ஆனால் கடல் எட்டுத் திசையிலும்
ஆயிரம் மைலுக்கு அப்பால். நடுவில் நெப்ராஸ்காவின் சோளம்.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு
இறைச்சி ஆலையின் வாடை முதலில் வரும்,
பிறகுதான் வழக்கறிஞர் வாவ்ரா வருவார்.

சனிக்கிழமை. கட்டணம் இல்லை. காபி உண்டு.
ஆளுக்கு மூன்று மணி நேரம்.
மேலே குழந்தைகளுக்குக் கதை நேரம்,
கூரைக்கு அந்தப் பக்கம் குதிக்கும் கால்கள்.

பெத்ரோனாவின் மொழி மாம்.
அதை ஸ்பானிஷ் ஆக்குகிறவள் எவுலாலியா,
மேசைமேல் கிடக்கும் தொலைபேசிக்குள் இருக்கிறாள்,
ஓக்லந்தில், தன் சமையலறையில். அவ்வப்போது குழாய்ச் சத்தம்.
ஸ்பானிஷை ஆங்கிலம் ஆக்குகிறவன் நான்.
வார நாட்களில் டிராக்டர் உதிரிபாகம் விற்பவன்.

எங்களுக்கு ஒரு விதி:
'அவள் சொல்கிறாள்' என்று சொல்லக் கூடாது.
அவள் நான் என்றால் நானும் நான் என வேண்டும்.
கூட்டாதே. குறைக்காதே. தேற்றாதே.

ஆகவே,
மீசை வைத்த, நாற்பத்தாறு வயது நான்
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:
அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பம்.

வாவ்ரா நிமிரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.

என் கணவனைத் தேடி வந்தார்கள்.
நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.
கதவென்றால் தகரம்.

"தேதி?"
கேள்வி இரண்டு படி இறங்கிப் போனது.
பதில் இரண்டு படி ஏறி வந்தது:
சோளத்தட்டையை மடித்துவிட்ட பிறகு,
இறந்தவர்களின் நாளுக்கு முன்பு.
அது அக்டோபர் என்று எனக்குத் தெரியும்.
கூட்டாதே.
வாவ்ரா வேறு மாதிரி கேட்டார், இன்னொரு மாதிரி கேட்டார்.
நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும்.
பெத்ரோனாவுக்கு மிச்சம் பதினொரு நாள்.

பன்னிரண்டாம் பத்தியில் நான் கீழே விழுந்தேன்.
பதின்மூன்றில் என் வயிற்றின்மேல் ஒரு பூட்ஸ்.
"இடது காலா, வலது காலா?
மன்னிக்கவும், நான் கேட்காவிட்டால் அரசுத் தரப்பு கேட்கும்."
மன்னிக்கவும் என்பதையும் பெயர்த்தேன்.
குரல் பெயரவில்லை.

பெத்ரோனா நிறுத்தினாள்.
தொலைபேசியை அல்ல, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் போல,
எப்போதிலிருந்தோ.
'ஐ' அவளுக்குத் தெரியும். ஆலையில், கத்தி வரிசையில் கற்றது:
ஐ ஃபினிஷ். ஐ நோ சிக்.
தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள்.
எவுலாலியா குழாயை மூடினாள்.
மேலே கதை முடிந்து கைதட்டல்.
பிறகு ஸ்பானிஷில் வந்தது:

"இந்த ஆளுக்கும் இதெல்லாம் நடந்ததா?
அப்போதிலிருந்து நான் நான் என்கிறாரே.
இவருடைய மனுவை யார் எழுதுகிறார்கள்?"

அதையும் சொல்ல வேண்டும், விதி.
சொன்னேன், ஆங்கிலத்தில்,
இந்த ஆளுக்கும் நடந்ததா என்று,
யாரோ ஒருத்தனைப் பற்றி விசாரிப்பதுபோல.

வாவ்ராவின் விரல்கள் விசைகளைவிட்டு எழுந்தன.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அறை. எனக்குப் பதினொரு வயது.
அம்மா பேசினாள், நான் அதிகாரிக்குப் பெயர்த்தேன்.
எந்தப் பையனும் சொல்ல முடியாததைச்
சொல்லாமல் விட்டேன்.
அவள் மனு இரண்டே பத்தி. தள்ளுபடியானது.

"இல்லை," என்றேன். "எனக்கு இல்லை."
அது ஸ்பானிஷாகி, மாமாகி, மறுபடி அவளிடம் போய்ச் சேரும்வரை காத்திருந்தோம்.
பெத்ரோனா தலையசைத்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.
ஆறிய தன் காபியை என் பக்கம் நகர்த்திவிட்டு
வலது கால் என்றாள்.

கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்கென்று ஒரு வரி:
எதையும் விடாமல் பெயர்த்தேன் என
நான் உறுதி கூறுகிறேன்.
'நான்' ஏற்கெனவே அச்சாகி இருந்தது.
கீழே எழுதினேன், ரிகோபெர்த்தோ மெஹீயா அயாலா.
அயாலா அம்மாவின் பெயர்.
இந்த நாட்டுப் படிவங்களில்
இடம் போதாது என்று நான் வழக்கமாக விட்டுவிடுவது.