வலக்கண், இருபத்தொன்றரை

மாங்குளத்துக்கு வடக்கே மூன்றாவது கேற்றில்
பதினொரு வருசமாய் நான்தான் தடி இறக்குகிறேன்.
பொலிஸ் தருகிற நாட்சம்பளம்,
தகரக் கொட்டில், கொடி இரண்டு, ஒரு விசில்.
இடக்கண்ணில் வைத்த லென்சுக்கும் அதே வயது.
அந்தக் கண்ணைக் காட்டித்தான் இந்த வேலை எடுத்தேன்.
கட்டவிழ்த்த அன்று
மிஸியின் சட்டை இவ்வளவு வெள்ளையா என்று
வாய்விட்டே கேட்டேன். சிரித்தாள்.
அதுவரை வன்னியை
ஆறின தேத்தண்ணிக்குள்ளால் பார்த்திருக்கிறேன்.

போன மாரியில் திரும்பவும் மங்கல்.
இரவு ரயிலின் விளக்கு
இலவங்காய் வெடித்த மாதிரி வந்தது:
எது விளக்கு, எது பறக்கிற பஞ்சு?
தண்டவாளத்தில் காதை வைத்து
ஒரு கிழமை கேற் பார்த்தேன்.
இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கிளிநொச்சி கிளினிக்கில் டொக்டர் பர்ஹானா
நாடியைத் தாங்கியில் வைக்கச் சொன்னா.
“லென்சில பழுதில்லை அம்மா.
அது இருக்கிற பைதான், பின்பக்கம் புகை பிடிச்சிருக்கு.
கன பேருக்கு வாறதுதான்.”
லேசர். இரண்டு நிமிசம். நோகவில்லை.
விரல் சொடக்கின மாதிரி ஒரு சத்தம், பிறகு இன்னொன்று.
புகைக்கு நடுவில் யன்னல் வெட்டிவிட்டா.
நுளம்பு மாதிரி இரண்டு துணிக்கை மிதந்தது,
போய்விடும் என்றா.

எழும்பும்போது கேட்டேன்,
லென்ஸ் எத்தனை வருசத்துக்கு உழைக்கும்?
“அது உக்காது. உங்களுக்குப் பிறகும் இருக்கும்.”
எழுதிக்கொண்டே சொன்னா.
அடுத்த ஆளைக் கூப்பிட்டா.

முறிகண்டியில் பஸ் நின்றது.
எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்கள்.
நான் சீற்றிலேயே இருந்தேன்,
உக்காது என்ற சொல்லோடு.

அவருக்கு என்னை முந்தியே செய்தது.
சண்டை நின்றிருந்த வருசம், வலக்கண்.
உழவு மெசின் திருத்தின ஆள்,
இரும்புத்தூள் பட்டு நாற்பத்தொரு வயதிலேயே வெள்ளை படர்ந்தது.
கிளினிக் கொப்பியில்
லென்ஸ் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டின சின்னத் துண்டு:
பவர் 21.5,
அதன் கீழே நீளமாய் ஒரு இலக்கம்.
“பார் தவமலர், என்ர கண்ணுக்கும் ஐடென்ரிக் காட்”
என்று மெசின்காரர் எல்லாருக்கும் காட்டித் திரிந்தவர்.

கொப்பி ஆறு இடப்பெயர்வு தாண்டிவிட்டது,
பொலித்தீனுக்குள், நகை வைத்திருந்த இடத்தில்.
வட்டுவாகலில்
விட்டுவந்த தண்ணிக் கானை எடுக்கத் திரும்பினவர்
தாண்டி வரவில்லை.

நாலு படிவம் நிரப்பியிருக்கிறேன்.
உடல் அடையாளங்கள் என்ற கோட்டில்
முழங்காலில் தழும்பு, கடைவாய்ப்பல் ஒன்று இல்லை.
நாலிலும் இதேதான் எழுதினேன்.
தழும்பு தோலோடு போகிற சாமான்.
அந்த இலக்கத்தை எழுதலாம் என்று
ஒருநாளும் மனதில் படவில்லை.
இப்போது பட்டிருக்கிறது.
எழுதினால்
எங்கே தேடுங்கள் என்று சொன்னதாய் ஆகும்?

கொப்பியைப் பொலித்தீனுக்குள் திருப்பி வைத்தேன்.

இன்றிரவு ரயில் வந்தது.
ஒற்றை விளக்கு, ஆணித்தலை மாதிரி, பஞ்சில்லாமல்.
தடிக்குக் கீழே குனிந்து பூரப் பார்த்த
மோட்டார்சைக்கிள் பொடியனை ஏசினேன்.
பெட்டிகள் போகப்போக யன்னல்களைப் பார்த்தேன்,
எப்பவும் பார்க்கிறதுதான்.
இன்றைக்கு ஒவ்வொரு முகத்துக்கும் மூக்கும் வாயும் இருந்தது.

அவருக்கும் பை மங்கியிருக்கும்.
எனக்குப் பதினொரு வருசத்தில் வந்தது,
அவருக்கு இது இருபதாவது.
முன்னால் நிற்கிற ஆளையே தெரியாமல் இருக்கும்.
இரண்டு நிமிச வேலை,
ஆராவது கூட்டிக்கொண்டு போய்
நாடியைத் தாங்கியில் வைக்கச் சொன்னால் சரி.