எந்தப் பழம்

பழைய சோனகத் தெருவில்
வெங்காய மூட்டை நிறுக்கிறவன் நான்.
இருபத்தொரு வருஷம்.
தராசில் ஏற்றுமுன் சொல்லிவிடுவேன்,
நாற்பத்தொன்பதரை, ஐம்பது,
இது ஈரம் குடித்தது, இதில் கல் கலந்திருக்கு.

என்னை மட்டும்
கடை பூட்டின பிறகுதான் நிறுப்பது.
வீட்டுத் தராசு நூற்றிமுப்பதோடு
கையை விரித்துவிட்டது.
இந்த இரும்புப் பலகை ஒன்றும் கேட்காது.
நேற்று நூற்றி நாற்பத்தாறு.
மூன்று மூட்டைக்கு நாலு கிலோ குறைவு.
எந்த நாட்டாமையும்
தோள் கொடுக்க மாட்டாத சரக்கு.

டொக்டர் மதுரங்க நல்ல மனுசன்.
காகிதத்தில் ஒரு வயிறு கீறினார்.
நெடுக ஒரு கோடு இழுத்தார்.
இந்தப் பக்கம் முழுக்க எடுத்துவிடுவோம்,
மிஞ்சுவது கெசெல் கெடியக் அளவு என்றார்,
ஒரு வாழைப்பழம்.
செலவு எத்தனை லட்சம்,
ஆயிரம் பேரில் எத்தனை பேர் எழும்பவில்லை
என்று மெடில்டா கேட்டுக்கொண்டிருந்தாள்.
நான் கேட்க நினைத்தது ஒன்றுதான்:
எந்தப் பழம்?
ஆனமாலு என்றால் ஒருமாதிரி வாழ்ந்துவிடலாம்.
கோழிக்கூட்டு, சரி, பார்ப்போம்.
சீனிக்கதலி என்றால், கர்த்தரே,
என் சாப்பாட்டைக் காகம்கூட மதிக்காது.

பசி சுரக்கிற இடமும்
வெட்டுகிற பக்கம்தானாம்.
பன்னிரண்டரைக்குப் பசிக்காத ஒரு மத்தியானம்
எப்படி இருக்கும்?
சங்கு ஊதாத துறைமுகம் மாதிரியா?

வாயைக் கட்டினால் போதும் என்கிறான்
மைத்துனன் டெரன்ஸ்.
ஏழு தரம் கட்டினேன்.
அவிழ்ந்த ஒவ்வொரு தரமும்
வட்டியோடு கேட்டது வாய்.
காஸ் இல்லாத அந்த வருஷம்
நாடே மெலிந்தது.
வரிசையில் நின்றவர்கள்
என் வயிற்றைத்தான் பார்த்தார்கள்,
அவர்களுடைய பால்மாவை
நான் ஒளித்து வைத்திருப்பதுபோல.

காத்திருக்கிற கதிரைகளில்
கைப்பிடி இல்லாத ஒன்றைத் தேடி உட்கார்ந்தேன்.
பக்கத்தில் நௌசாத் நானா,
இரண்டு வருஷத்துக்கு முன் வெட்டினவர்.
சேர்ட்டைத் தூக்கிக் காட்டினார்.
கொட்டிய பிறகு மடிக்காமல் விட்ட
சாக்குப்போலத் தோல்.
"கலியாண வீட்டில ஆறு பேரோட சஹன்ல இருந்தா
எனக்கு மூணு பிடி.
அதுக்குப் பிறகு கையத் தொடச்சிட்டு
மத்தவங்க திங்கிறத பாக்கணும்."
கவலையா என்று கேட்டேன்.
"சோத்துக்கு இல்ல தம்பி.
அந்த அஞ்சு பேருக்கும் நான் இப்ப விருந்தாளி."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, கேட்காமலே,
"காலிமுகத்திடல்ல மகளோட பட்டம் விட்டன்.
ஓடி விட்டன்" என்றார்.

ஒப்புதல் படிவம் மூன்று பக்கம்,
என் சட்டைப் பையில்.
வியர்வையில் மூலை கசிந்துவிட்டது.
கையெழுத்தைத் தடுத்துக்கொண்டிருப்பது
பயம் என்றுதான் நினைத்திருந்தேன்.
இன்று டொக்டர் அவளிடம்
இரவில் எப்படி என்று கேட்டார்.
மூச்சு நிற்கும், எண்ணுவேன் என்றாள்.
பதினேழு வரை எண்ணிப் பொறுப்பாளாம்.
பதினெட்டில் உலுப்புவாளாம்.
நாலு வருஷமாக.
நான் அறியேன்.
கொட்டாஞ்சேனை பஸ்ஸில்
அவள் தூங்கித் தூங்கி விழுவதை
வயசு என்று நினைத்திருந்தேன்.

இன்றைக்கும் கடையைப் பூட்டினேன்.
நான் ஏறவில்லை.
மல்வத்தை வீதி முனையில் வாங்கின
ஒரு கோழிக்கூட்டுப் பழத்தைப்
பலகையில் வைத்தேன்.
முள் அசையவில்லை.
இந்தத் தராசுக்கு அது ஒரு பொருளே இல்லை.

வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு
மூட்டைமேல் உட்கார்ந்து
அதை உரித்தேன்.
ஒரு வாய்க்கு முப்பது தரம் மெல்லச் சொல்லி
அந்தப் பிள்ளை தாளில் எழுதித் தந்திருக்கு.
பத்தொன்பதில் விழுங்கிவிட்டேன்.
திரும்பத் தொடங்கினேன்.
இருபத்துமூன்று.
வெளியே கடைசி லொறி
தார்ப்பாய் கட்டுகிற சத்தம்.

பாதிப் பழத்தில்
போன் அடித்தது, மெடில்டா.
"எங்க நிக்கிறீங்க, சாப்பிட்டாச்சா?"
வாயில் இருந்ததை
எண்ணி முடிக்கும்வரை
பதில் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் அவளும்
எண்ணிக்கொண்டிருந்திருப்பாள்.