தாழக்கூடாத உயரம்

தரையிறங்கும் தாளில் ஏற்காடு இல்லை.
ஏரி இல்லை, படகுத்துறை இல்லை,
என் அக்கா தேன்மலரின் ஓட்டு வீடு இல்லை.
கிழக்கே ஒரு புள்ளி,
பக்கத்தில் ஓர் எண்: 5326.
மலைக்கு ஐயாயிரத்துச் சொச்சம், பயத்துக்கு ஓர் ஆயிரம்,
கூட்டிப் பார்த்து
அதற்குக் கீழே வராதே என்கிறது தாள்.

ஓமலூர் வாடகை அறையில்
நான்கு மூலைக்கும் எவர்சில்வர் டம்ளர் வைத்து
ஃபேன் காற்றுக்குத் தப்பிப் படிக்கிறேன்.
வழிப்புள்ளிகளுக்கெல்லாம் ஐந்தெழுத்துப் பெயர்.
அர்த்தம் கிடையாது, வாயில் உருண்டால் போதும்.
அம்மாவுக்குத் தெரிந்த ஐந்தெழுத்து வேறு,
அதைச் சொல்லித்தான் டவுன் பஸ்ஸே ஏறுவாள்.

கமலாபுரத்தில் சக்கரம் தரையை விட்டதும்
"ஹூடைப் போடு" என்கிறாள் ஜெனிஃபா,
என்னைவிட மூன்று வயது இளைய கேப்டன்.
ஜட்கா குதிரையின் கண்பட்டை.
அதற்கப்புறம் எனக்கு உலகம் ஆறு வட்டங்கள்.
வெளியே ஜவ்வரிசி காயும் களங்கள்
வெள்ளை வெள்ளையாய் இருக்குமாம்,
மேட்டூர்ப் புகைபோக்கிகள் தெரியுமாம்.
அவள் பார்க்கிறாள். நான் ஊசிகளைப் பார்க்கிறேன்.

உடம்பு சொல்கிறது: இடப்பக்கம் சாய்கிறோம்.
ஊசி சொல்கிறது: இல்லை, நேராகத்தான்.
காதுக்குள் இருக்கும் துளி நீர் சத்தியமே செய்கிறது.
முதல் பத்து மணி நேரம் உடம்பை நம்பினேன்,
வாந்தியெடுத்தேன்.
கையெழுத்துப் போட்டபோது அக்கா சிரித்தாள் என்று சொன்னதும்
இதே உடம்புதான்.

கருப்பூர்ப் பக்கம் எட்டு சென்ட்.
பேனாவை மூடாமலே என்னிடம் நீட்டினாள்.
அந்த நிலம் இருநூறு மணி நேரம் ஆனது,
அதில் நாற்பது, கண்ணை மறைத்துக்கொண்டு.

இறங்க முறை வரும்வரை வானத்தில் சுற்ற வேண்டும்:
ஒரு நிமிஷம் போ, திரும்பு,
ஒரு நிமிஷம் வா, திரும்பு.
பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன்.
எரிபொருளைக் கணக்குப் பார்த்துக்கொண்டே இரு.

போன ஞாயிறு சாயங்காலம் மலை பஸ் ஏறினேன்.
பதினெட்டாவது கொண்டை ஊசியில் பனி இறங்கிவிட்டது.
டிரைவர் ஹாரனை நம்பி ஓட்டினார்.
அக்கா வீட்டு கேட் வரை போனேன்.
ஜன்னல் விளக்கு தெரிந்தால் தட்டுவது,
இல்லையென்றால் இல்லை
என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.
தெரியவில்லை.
பனியா, விளக்கை அணைத்துவிட்டாளா,
அதற்குத் தாளில் குறி கிடையாது.

"ஓடுபாதை தெரியலன்னா வெட்கப்படாத,"
ஜெனிஃபா எப்போதும் சொல்வது,
"முழு பவர். மூக்கைத் தூக்கு. மேலே போ.
மற்றதெல்லாம் அப்புறம்."
இறங்காமல் திரும்புகிறவர்களுக்கென்று
தாளில் ஒரு விட்டு விட்டுப் போகும் கோடு,
யாரோ முன்பே வரைந்து வைத்திருக்கிறார்கள்.
அது எங்கோ போய் முடிவதில்லை,
வளைந்து வரிசையின் கடைசிக்கே வருகிறது.

காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து
பென்சிலில் குறித்திருக்கிறேன்,
5326-க்குப் பக்கத்தில்.