வாய்

பிறையில் இரவு ஷிஃப்ட் முடித்து
ஏழேகால் ஃபெர்ரியில் ஏறினேன்.
கைப்பையில் நீல அட்டை,
பாதி நாசி லெமாக்,
மாத்திரை டப்பா. அதன் லேபிளைப்
பதினோரு வருடமாக நகத்தால் சுரண்டிவிடுகிறேன்.

ரத்தத்தில் கிருமி
கணக்கில் வராத அளவுதான் என்று
போன மாதமே சொல்லிவிட்டார்கள்.
"அது ரத்தம். இது வேற இடம்,
தனியாப் பாக்கணும்" என்றார் மிஸ்ஸி குணவதி.

கருப்பை வாய்.
எனக்குள் இன்னொரு வாய் இருப்பதை
நாற்பத்து மூன்று வயதில்
பிளாஸ்டிக் பொம்மையில் காட்டினார்கள்.
இரண்டு பெற்றவள் நான்.

முன்பொரு கிளினிக்கில்
என் ஃபைலைத் திறந்ததும்
கையுறைக்கு மேல் கையுறை போட்டாள் ஒருத்தி.
ஆறு வருடம்
அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

குணவதிக்கு ஒற்றைக் கையுறை.
அதைத்தான் முதலில் பார்த்தேன்.
விளக்கைத் திருப்பினார்.
"கொஞ்சம் குளிரும், மூச்ச விடுங்க."
விசிறியின் ஒட்டடையை எண்ணிக்கொண்டிருந்தேன்,
முடிந்துவிட்டது.

மூன்று வாரத்தில் கடிதம்.
செல்களில் மாற்றம்.
இப்போதே எடுத்துவிட்டால் போதுமாம்.
வியாழக்கிழமை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
இது, வலிக்கிறதென்று
ஒரு வார்த்தை சொன்னதில்லை.
யாராவது போய்க் கேட்டால்தான் உண்டு.

சூப்பர்வைசர் லீவு எதற்கு என்றான்.
"வாய்ல ஒரு சின்னப் புண்ணு."
"பல் டாக்டரா?"
எந்தப் பக்கமும் இல்லாமல்
தலையாட்டினேன்.
கையெழுத்துப் போட்டான்.