நியூட்ரலில்

பழைய மோட்டாரைக் கழற்றவே
ஒன்றரை நாள் ஆயிற்று.
நான்கே போல்ட்டுகள். நான்கும்
எண்பத்தாறாம் வருடத்து ஆள் ஒருவன்
இனி எவனும் தொடக்கூடாதென்று முடுக்கியவை.
ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி
ரேஃப் தொங்கினான்.
மூன்றாவது போல்ட் கழன்றபோது
அவனும் கூடவே கழன்று
புல்லில் விழுந்தான்.

டிராக்டரின் முன்கையில் சங்கிலி மாட்டித் தூக்கினோம்.
நூற்று எழுபது கிலோ.
அதற்குள் ஒரு குளவிக்கூடும் இருந்தது.
முல்வாலா ஏரிக்கு இத்தனை கோடைகள்
நீலப்புகை போட்ட இயந்திரம்
அந்தரத்தில் ஒருமுறை மெல்லச் சுற்றி
எங்களுக்கு முதுகைக் காட்டியது.

கிளெனிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
படகு அவளுடையது,
கம்பளி கத்தரிக்க வருகிறவர்களுக்குப் பதினோரு பருவம்
ஆட்டுக்கறி சமைத்துச் சேர்த்த காசு.
ஸ்க்ரூடிரைவரின் பிடியால்
பின்பலகையைத் தட்டிக்கொண்டே போனாள்,
தர்பூசணி வாங்குகிறவளைப்போல.
டக். டக். டக்.
அப்புறம்,
தப்.

உள்ளே ஒட்டுப்பலகை
தேநீரில் முக்கிய பிஸ்கட்டாக இருந்தது.
ஆக மோட்டார் மாற்ற வந்தவர்கள்
மூன்று வாரம் மரவேலை செய்தோம்.
ரெசின் நாற்றம் ரொட்டியிலும் ஏறிவிட்டது.

நூற்றைம்பது குதிரைதான் இழுக்கும் என்றான் ரேஃப்.
நான்கு வீச்சு எஞ்சின் கனம்,
படகு குந்திவிடும் என்றேன் நான்.
பெனல்லாவில் முதுகு போன மீன்பிடிக்காரர் ஒருவர்
நூற்றுப்பதினைந்தை விற்றார்.
விலையைச் சொல்லிவிட்டு அதை
ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.
விசிறியை மட்டும் பதினேழிலிருந்து
பதினைந்துக்கு மாற்றினோம்.
பழைய டாக்கோமீட்டர் இன்னும்
இரண்டு மடங்கு பொய் சொல்கிறது. சொல்லட்டும்.

நவம்பரில் தண்ணீரில் இறக்கினோம்.
எண்பது வருடத்துக்கு மேலாகச் செத்தும் விழாத
சிவப்பு யூகலிப்டஸ்கள் இடுப்பளவு நீரில்.
சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை.
கிளம்பவில்லை என்று மறுபடி திருப்ப,
ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்
பல்லை நறநறத்தது.
ரேஃப் என் பரம்பரையையே விசாரித்தான்.

கயிறு பதினெட்டு மீட்டர்.
அதன் மறுமுனையில் கிளெனிஸ்,
அறுபத்தொரு வயது,
பனிச்சறுக்குப் பலகை போல ஒன்று கால்களுக்கு முன் நிமிர்ந்திருக்க
நீரில் உட்கார்ந்திருந்தாள்.
பத்தொன்பது வருடமாக நான்தான் ஓட்டுகிறேன்.
அவள் கை உயரும், நான் முடுக்குவேன்.
எங்களுக்குள் இருந்த மொழி அவ்வளவே.

அன்று கேட்டது:
“இங்கே பார், இடது முட்டி.
போன கோடையில் நீ செய்ததை மறந்துட்டேன்.
எழுந்திரு, அது போதும்.
மிச்சத்தை வலது பார்த்துக்கும்.
கரைக்குப் போனதும் ஐஸ் வைக்கிறேன். சத்தியமா.
ஏமாத்தினே,
வெட்டிப் போட்டு எஃகுல ஒண்ணு வாங்கிடுவேன்.”

இழுக்கப்படுகிறவரை விட்டுப் பார்வையாளன்
கண்ணை எடுக்கக்கூடாது என்பது சட்டம்.
காதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
ரேஃப் எடுத்துவிட்டான்.
என்னைப் பார்த்தான்.
நான் டாக்கோமீட்டரைப் பார்த்தேன்.

கை உயர்ந்தது.
முன்பைவிடப் பத்து மீட்டர் அதிகம் நீரை உழுதாள்,
முதுகு வளைந்து, தாடை இறுகி,
பிறகு எழுந்தாள்.
இரண்டு முட்டியும் எழுந்தன.

அதற்குப் பின் ஒவ்வொரு முறையும்
அவள் கயிற்றைப் பிடித்ததும்
லீவர் பொத்தானை அமுக்கி
நியூட்ரலில் கொஞ்சம் முறுக்குகிறேன்,
அவள் சொல்லி முடிக்கிற அளவுக்கு.
எஞ்சின் சூடாகட்டும் என்று ரேஃபிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
ஜனவரி, நாற்பது டிகிரி.
அவனும் தலையாட்டுகிறான்.

கிளெனிஸ்தான் நேற்று கரையில்,
முட்டியில் உறைந்த பட்டாணிப் பையோடு கேட்டாள்:
“ஏன்டா இப்படிப் பெட்ரோலைக் கொட்டுறே?”

புது மோட்டார், என்றேன்.
பழக வேண்டாமா.